கியர் பெட்டி பழுதானால் பொறுப்பு யாருடையது?

பயிரில் நோய் கண்டால் இலையைப் பறித்து வந்து காட்டுகிறோம். மாடு தீனி எடுக்காவிட்டால் கால்நடை மருத்துவரை அழைக்கிறோம். ஆனால், வாங்கி ஓராண்டுகூட ஆகாத டிராக்டர் சேற்றுழவின் நடுவில் கியர் விழாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது? முகவரிடம் போனால், "நீங்கள் ஓட்டிய முறை சரியில்லை" என்கிறார். கம்பெனிக்கு எழுதினால், "முகவரைப் பாருங்கள்" என்று பதில் வருகிறது. இதற்கிடையில் நாற்று முற்றுகிறது. வாடகை வண்டிக்குப் பணம் போகிறது. வங்கித் தவணையோ நிற்பதில்லை.

இந்தச் சங்கடம் நம் நாட்டு உழவருக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் கார், லாரி, டிராக்டர் வைத்திருப்போர் பலர் இதே பதிலைக் கேட்டிருக்கிறார்கள். சிலர் விடாமல் நின்று நியாயமும் பெற்றிருக்கிறார்கள். கியர் பெட்டி எப்படி வேலை செய்கிறது, பழுது ஓட்டுபவரால் வந்ததா, செய்தவரால் வந்ததா என்பதை எப்படி அறிவது, சட்டம் நமக்கு என்ன வழி தருகிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கியர் பெட்டியின் வேலை

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். டிராக்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். உழும்போது வண்டி மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நகர்கிறது. அதாவது நிமிடத்துக்குச் சுமார் 67 மீட்டர். பின் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 4 மீட்டர் என்றால், சக்கரம் நிமிடத்துக்கு 17 தடவைதான் சுற்றுகிறது. 2,000 சுற்றை 17 சுற்றாகக் குறைத்து, அந்த அளவுக்கு இழுவிசையைப் பெருக்கித் தருபவை கியர் பெட்டியும் அதற்குப் பின்னால் உள்ள பற்சக்கரங்களுமே. இஞ்சினின் முழுப் பலமும் சில பற்களின் வழியாகவே கடந்து செல்கிறது. ஆகையால் இந்தப் பகுதியில் ஒரு சிறு குறை இருந்தாலும் அது வெகு சீக்கிரம் பெரிய செலவாக வளர்ந்துவிடும்.

இஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே இருப்பது கிளட்ச். மிதியை அழுத்தினால் இரண்டும் பிரியும்; விட்டால் சேரும். பெரும்பாலான டிராக்டர்களில் உள்ள கிளட்ச் தகடு உலர்ந்த நிலையில் வேலை செய்வது. அதன் மேல் எண்ணெய் படவே கூடாது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் எண்ணெய் உள்ள பாகங்களே இருக்கின்றன. எண்ணெயைத் தடுத்து நிற்பவை தண்டுகளைச் சுற்றியுள்ள ஆயில் சீல்கள். இந்தச் சிறு வளையங்களின் விலை குறைவு. ஆனால் இவை கசிந்தால் வரும் செலவு பெரிது.

பழுது எவ்வாறு வருகிறது?

நம் கையில் உள்ள காரணங்களை முதலில் சொல்லிவிடுவோம். நம் தரப்பு சுத்தமாக இருந்தால்தான் பிறரைக் கேள்வி கேட்க முடியும்.

1. கிளட்ச் மிதியின் மேல் எப்போதும் காலை வைத்துக்கொண்டு ஓட்டுவது. இதனால் தகடு அரைகுறையாகப் பிடித்து, வழுக்கிச் சூடேறிக் கருகும்.

2. கிளட்சை முழுவதும் அழுத்தாமலும், வண்டி நிற்காதபோதும் கியரைத் திணிப்பது. இதனால் பற்களின் ஓரம் சிதையும்.

3. அளவுக்கு மீறிய பாரத்துடன் டிரெய்லர் இழுப்பது. கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டியை உதறிக் கிளப்புவது.

4. எண்ணெய் மட்டத்தைப் பாராமலும், கையேட்டில் சொன்ன மணிக்கணக்கில் எண்ணெய் மாற்றாமலும் இருப்பது. பல டிராக்டர்களில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக் தூக்கிக்கும் ஒரே எண்ணெய்தான். இங்கே தவறான எண்ணெய் ஊற்றினால் இரண்டும் கெடும்.

5. கேஜ் வீல் மாட்டி ஆழச் சேற்றில் உழுத பிறகு அச்சுப் பகுதியைக் கழுவாமலும், சீல்களைப் பாராமலும் விடுவது. சேற்று நீர் உள்ளே புகுந்தால் எண்ணெய் மோர் போல வெளுக்கும். அந்த எண்ணெயில் ஒரு நாள்கூட வண்டியை ஓட்டக் கூடாது.

இனி, செய்தவர் பக்கத்துக் குறைகள். பற்சக்கரத்தின் இரும்பைச் சரியாகப் பதப்படுத்தாமல் விடுவது, தண்டும் தாங்கியும் நேர்க்கோட்டில் அமையாமல் இருப்பது, தரம் குறைந்த சீலைப் பொருத்துவது, வடிவமைப்பிலேயே பலம் போதாமல் இருப்பது ஆகியவை இவற்றில் முக்கியமானவை. புதிய மாதிரிகளில் மின்னணுக் கருவிகளும் சேர்ந்துள்ளன. அவற்றில் வரும் கோளாறு வெளியே கண்ணுக்குத் தெரியாது.

பெட்டியைத் திறக்கும்போது பாருங்கள்

இந்த இரண்டு வகைப் பழுதுகளும் தனித்தனி அடையாளங்களை விட்டுச் செல்கின்றன. எனவே பட்டறையில் பெட்டியைத் திறக்கும்போது நீங்கள் உடனிருப்பது மிக அவசியம்.

கிளட்ச் தகடு உலர்ந்து, கருகி, அழுத்துத் தகட்டில் நீல நிறத் திட்டுகள் காணப்பட்டால் அது வழுக்கிச் சூடேறியதன் அடையாளம். காலை மிதியில் வைத்து ஓட்டியதாலோ, மிதியின் தளர்வை முகவர் சரியாக வைக்காததாலோ இது வரலாம். ஆனால் தகடு எண்ணெயில் ஊறியிருந்தால், சீல் கசிந்திருக்கிறது என்று பொருள். ஓட்டும் முறையால் புதிய சீல் கசிவதில்லை.

பற்களின் நுனி ஓரங்கள் மட்டும் சிதைந்திருந்தால், கியரை மாற்றிய விதத்தில் குறை இருக்கலாம். பல்லின் முகம் முழுவதும் சிறு குழிகள் விழுந்திருந்தால், எண்ணெயையோ உலோகத்தையோ சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் சுத்தமாக இருந்து, வண்டியும் சில நூறு மணி நேரமே ஓடியிருந்தால், சந்தேகம் உலோகத்தின் பக்கம் திரும்பும். பல் அடியோடு முறிந்திருந்தால், முறிந்த முகத்தைப் பாருங்கள். வெட்டிய மரத்தின் வளையங்கள் போலக் கோடுகள் தெரிந்தால், அந்த விரிசல் ஒரே நாளில் வந்ததன்று. நெடுநாளாக வளர்ந்து வந்திருக்கிறது.

எண்ணெய் வடிக்கும் மரையில் காந்தம் இருந்தால், அதில் மாவு போன்ற இரும்புத் தூள் ஒட்டியிருப்பது இயல்பு. சிறு துண்டுகளும் சில்லுகளும் ஒட்டியிருந்தால் அது எச்சரிக்கை. அவற்றைத் துடைத்து எறிந்துவிடாமல் ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த அடையாளங்கள் முடிவான தீர்ப்பல்ல. ஆனால் ஆய்வாளர் ஒருவர் முடிவு சொல்வதற்கு இவையே ஆதாரம்.

"உங்கள் ஓட்டும் முறைதான் காரணம்": ஆஸ்திரேலியாவில் நடந்தது

இந்தப் பதிலை ஒரு பெரிய கம்பெனி ஆயிரக்கணக்கானவர்களிடம் சொல்லி, பின்னர் நீதிமன்றத்தில் தலைகுனிந்த வரலாறு ஒன்று உண்டு. ஃபோர்டு கம்பெனி தன் ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களில் "பவர்ஷிஃப்ட்" என்ற தானியங்கிக் கியர் பெட்டியைப் பொருத்தியது. அமெரிக்காவில் இவை 2011, 2012 மாதிரிகளிலிருந்து விற்பனைக்கு வந்தன. இந்தப் பெட்டிக்குள் இரண்டு கிளட்சுகள் இருந்தன. ஒன்று 1, 3, 5 ஆகிய கியர்களுக்கு. மற்றது 2, 4, 6 ஆகியவற்றுக்கு. ஒரு கிளட்ச் விடும்போதே மற்றது பிடித்துக்கொள்ளும். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக இவற்றை எண்ணெயில் நனையாத உலர் கிளட்சுகளாக அமைத்தார்கள்.

எண்ணம் நல்லதே. ஆனால் சாலையில் வண்டி கிளம்பும்போது உதறியது. சில வண்டிகள் ஓடும்போதே இழுவையை இழந்தன. தண்டைச் சுற்றியுள்ள சீல் கசிந்து, உலர்ந்திருக்க வேண்டிய கிளட்சின் மேல் எண்ணெய் பட்டது ஒரு காரணம். கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி பழுதானது இன்னொரு காரணம். நம் டிராக்டரின் கிளட்சுக்கும் இந்தக் காரின் கிளட்சுக்கும் பகை ஒன்றுதான் என்பதை இங்கே கவனியுங்கள்.

உரிமையாளர்கள் பட்டறைக்கு நடையாய் நடந்தார்கள். ஒரு தடவை பழுது பார்த்து வந்தால், சில மாதங்களில் அதே உதறல் திரும்ப வந்தது. ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய 70,000 வண்டிகள் இந்தப் பெட்டியுடன் விற்கப்பட்டன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை ஒரு தடவையாவது பழுது பார்க்கப்பட்டன. குறை தன் பெட்டியில்தான் என்று தெரிந்திருந்தும், ஓட்டும் முறையே காரணம் என்று கம்பெனி பலரிடம் சொன்னது. பணத்தைத் திருப்பித் தரவோ, செலவின்றி மாற்று வண்டி தரவோ பெரும்பாலும் மறுத்தது.

அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2017ஆம் ஆண்டு வழக்குத் தொடர்ந்தது. 2018 ஏப்ரலில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியா கம்பெனிக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. புகார் செய்தவர்களை மனச்சாட்சிக்கு ஒவ்வாத முறையில் நடத்தியதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

அமெரிக்காவில் கம்பெனி 2014ஆம் ஆண்டு கிளட்ச், சீல் ஆகியவற்றுக்கு உத்தரவாதத்தை 7 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று நீட்டியது. உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2020ஆம் ஆண்டு சமரசத்தில் முடிந்தது.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? வழக்கு நின்றதற்கு அடிப்படை, ஒவ்வொரு தடவையும் எழுத்தில் பதிவான புகார்களே. ஒருவர் சொன்னால் அது குறை. அதையே ஆயிரம் பேர் தேதியிட்டு எழுதி வைத்தால் அது சாட்சி.

"ரீகால்" என்றால் என்ன?

விற்ற வண்டிகளில் அபாயகரமான குறை இருப்பது தெரிந்தால், உற்பத்தி செய்தவர் அவற்றைத் திரும்ப அழைத்துச் செலவின்றிச் சரி செய்து தருவதை "ரீகால்" என்கிறார்கள். அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி வகுத்தது. இருந்தும் எல்லாச் சமயங்களிலும் அது முழுமையாக நடந்துவிடவில்லை. 1966 முதல் 1980 வரை செய்யப்பட்ட ஃபோர்டு வண்டிகளில், நிறுத்த நிலையில் வைத்த தானியங்கிக் கியர் தானாகப் பின்னோக்கு நிலைக்கு நழுவுவதாகப் புகார்கள் குவிந்தன. உயிர்ச் சேதமும் ஏற்பட்டதாகப் புகார்கள் கூறின. சுமார் 2 கோடியே 30 லட்சம் வண்டிகள் இதில் அடங்கியிருந்தன. 1980 டிசம்பரில் அரசுக்கும் கம்பெனிக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, வண்டிகளைத் திரும்ப அழைக்கவில்லை. வண்டியில் ஒட்டிக்கொள்ள ஓர் எச்சரிக்கைச் சீட்டு மட்டும் உரிமையாளர்களுக்குத் தபாலில் போயிற்று.

நம் நாட்டில் நெடுங்காலம் இதற்கென்று சட்டம் இல்லை. 2012ஆம் ஆண்டு வாகன உற்பத்தியாளர் சங்கம் தானாகவே ஒரு நடைமுறையை வகுத்துக்கொண்டது. பின்னர் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110அ என்ற பிரிவு சேர்ந்தது. சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுபவருக்கோ, வண்டியில் இருப்பவருக்கோ, சாலையில் செல்பவருக்கோ கேடு விளைவிக்கக்கூடிய குறை இருந்தால், அவ்வகை வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 7 ஆண்டுக்கு மேற்படாத வண்டிகளுக்கு இவை பொருந்தும். தவறிய உற்பத்தியாளருக்கு ரூ.1 கோடி வரை அபராதம் விதிக்கலாம்.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். திரும்ப அழைத்தல் என்பது அபாயத்துக்கான மருந்து, நட்டத்துக்கான மருந்தன்று. பிரேக் பிடிக்காமல் போவதும், ஸ்டியரிங் கழன்று விடுவதும் அபாயம். வயலில் கியர் விழாமல் வண்டி நின்றுவிடுவது பெரும்பாலும் நட்டம் மட்டுமே. பவர்ஷிஃப்ட் பெட்டி அத்தனை தொல்லை தந்தும், அமெரிக்காவில் அந்தக் கிளட்ச் உதறலுக்காகத் திரும்ப அழைக்கும் உத்தரவு வராமல் போனது. ஆகவே "ரீகால் வரட்டும்" என்று காத்திருப்பது, மழைக்காகக் காத்திருந்து கிணற்றை மறந்த கதையாகிவிடும். நம் கிணறு, உத்தரவாதச் சீட்டும் நுகர்வோர் சட்டமும்தான்.

அதே சமயம், உங்கள் பழுது அபாயமானதாக இருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். டிரெய்லருடன் மேட்டில் ஏறும்போது கியர் தானாகக் கழன்று வண்டி பின்னால் உருண்டால், அது வெறும் நட்டமல்ல. உங்கள் கடிதத்தில் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

உத்தரவாதச் சீட்டை வாங்கும் அன்றே படியுங்கள்

வண்டிக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி ஊருக்கு ஓட்டி வரும் மகிழ்ச்சியில், அந்தச் சீட்டைப் பெட்டியில் போட்டு மறந்துவிடுகிறோம். அதில் கீழ்க்கண்டவற்றை அன்றே பாருங்கள்.

- உத்தரவாதம் எத்தனை ஆண்டு? எத்தனை மணி நேரம்? பெரும்பாலும் இரண்டில் எது முதலில் முடிகிறதோ அத்துடன் உத்தரவாதமும் முடிந்துவிடும்.

- கிளட்ச் தகடு, சீல், தாங்கி ஆகியவை உத்தரவாதத்தில் சேர்ந்துள்ளனவா? "தேய்மானப் பாகம்" என்று சொல்லிச் சிலவற்றை நீக்கியிருப்பார்கள்.

- இலவசச் சர்வீஸ் கூப்பன்களை எந்த மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும்? ஒரு கூப்பனைத் தவறவிட்டாலும் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள்.

- எந்த எண்ணெய்? எத்தனை மணிக்கு ஒரு தடவை? எண்ணெய் வாங்கிய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

- சீட்டில் எழுதிய இஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றுதானா?

இவற்றுடன் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வண்டிக்கென்று ஒதுக்குங்கள். தேதி, மணி மீட்டர் காட்டும் எண், செய்த வேலை, ஊற்றிய எண்ணெய், கேட்ட சத்தம் ஆகியவற்றை வாரம் ஒரு தடவை எழுதி வந்தால் போதும். பால் கணக்கு எழுதுவதைவிட இது எளிது. பின்னொரு நாள் "நீங்கள் பராமரிக்கவில்லை" என்று சொல்லும்போது, இந்த நோட்டே உங்களுக்காகப் பேசும்.

பழுது கண்டதும் செய்ய வேண்டியவை

1. சத்தமோ, உதறலோ, கியர் கழல்வதோ தெரிந்ததும் வண்டியை நிறுத்துங்கள். "இந்த வயலை முடித்துவிடலாம்" என்று ஓட்டினால் சிறு குறை பெரிதாகும். தெரிந்தே ஓட்டினீர்கள் என்ற பழியும் வரும்.

2. மணி மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் அந்தச் சத்தத்தையும் கசிவையும் படம் பிடியுங்கள்.

3. உத்தரவாதக் காலத்தில் வெளிப் பட்டறையில் பெட்டியைத் திறக்க விடாதீர்கள். சீல் உடைந்ததைக் காட்டியே கோரிக்கையைத் தள்ளிவிடலாம்.

4. முகவரிடம் வாய்மொழியாகச் சொன்னால் போதாது. பட்டறையில் எழுதும் ஜாப் கார்டில் உங்கள் புகார் நீங்கள் சொன்ன சொற்களிலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். "பொதுச் சர்வீஸ்" என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

5. பெட்டியைத் திறக்கும் நாளைக் கேட்டறிந்து உடனிருங்கள். பழைய பாகங்களை முகவர் கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமென்றால் படம் எடுத்துக்கொண்டு, ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள்.

6. பழுது நீங்கியதாகச் சொல்லித் தரும்போது, பாரத்துடன் ஓட்டிப் பார்க்காமல் "திருப்தி" என்று கையெழுத்திடாதீர்கள். குறை மீதமிருந்தால் அதை எழுதியே கையெழுத்திடுங்கள்.

7. இரண்டாம் தடவை அதே பழுது வந்தால் முகவருடன் நிறுத்தாமல், கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

கடிதத்தின் மாதிரி

"ஐயா, தங்கள் கம்பெனியின் ........ மாதிரி டிராக்டரை (இஞ்சின் எண் ........, சேசிஸ் எண் ........) ........ தேதியன்று ........ ஊர் முகவரிடம் ரூ........க்கு வாங்கினேன். ........ மணி ஓடிய நிலையில் மூன்றாம் கியர் தானாகக் கழன்றது. ........ தேதியில் முகவர் பழுது பார்த்தார். ........ மணி ஓடிய பின் அதே குறை மீண்டும் வந்துள்ளது. எல்லாச் சர்வீஸ்களும் உரிய காலத்தில் செய்யப்பட்டுள்ளன, நகல்கள் இணைத்துள்ளேன். உத்தரவாதத்தின்படி குறையைச் செலவின்றி நீக்கித் தர வேண்டும். வண்டி நின்ற ........ நாட்களுக்கு வாடகை வண்டிக்குச் செலவான ரூ........ஐயும் தர வேண்டும். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் இல்லையேல் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

இக்கடிதத்தில் கோபச் சொல் ஒன்றும் வேண்டாம். தேதியும் எண்ணும் இருந்தால் அவையே போதிய பலம்.

நுகர்வோர் ஆணையம்

1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இதில் உழவருக்கு உதவும் சில அம்சங்கள் உண்டு.

வண்டி வாங்கிய ஊரிலோ, கம்பெனி இருக்கும் நகரத்திலோதான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விலை ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை. அதற்கு மேல் ரூ.10 லட்சம் வரை கட்டணம் ரூ.200 மட்டுமே. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இணைய வழியிலும் புகாரைப் பதியலாம்.

குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். "சரி செய்து தருகிறோம்" என்ற வாக்குறுதியை நம்பி இந்தக் காலத்தைக் கடத்திவிடாதீர்கள்.

பிழைப்புக்காகத் தாமே உழைத்துப் பயன்படுத்தும் வண்டி, வணிக நோக்குடையதாகக் கருதப்படாது. சொந்த நிலத்தில் உழுது, ஓய்வு நேரத்தில் பக்கத்து வயலுக்கும் ஓட்டுபவர் இந்தப் பாதுகாப்பைக் கோரலாம். பல வண்டிகள் வாங்கி ஆள் வைத்து வாடகைத் தொழில் நடத்துபவரின் நிலை வேறு.

குறை உற்பத்தியைச் சேர்ந்ததா என்பதில் தகராறு எழுந்தால், உரிய ஆய்வகத்தின் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவேதான் உடைந்த பல்லையும் கசிந்த சீலையும் பாதுகாக்கச் சொன்னோம். குறை மெய்ப்பட்டால், அதை நீக்கித் தரவோ, புது வண்டி தரவோ, விலையைத் திருப்பித் தரவோ, நட்டஈடு வழங்கவோ ஆணையம் உத்தரவிடலாம். புகார் தருவதற்கு முன் ஆலோசனை வேண்டுவோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

புதிய தலைமுறை வண்டிகளும் புதிய தகராறும்

அமெரிக்க உழவர்களிடையே இன்னொரு சிக்கல் தோன்றியுள்ளது. மின்னணுக் கருவிகள் நிறைந்த டிராக்டர்களில் ஏற்படும் பழுதைக் கண்டுபிடிக்க, கம்பெனியிடம் உள்ள மென்பொருள் தேவைப்படுகிறது. அது முகவர் கையில் மட்டும் இருந்தால், அறுவடை நேரத்தில் அவர் வரும்வரை வண்டி நின்றுதான் ஆக வேண்டும். இதை எதிர்த்து உழவர்கள் குரல் எழுப்பினர். கொலராடோ மாநிலம் 2023ஆம் ஆண்டு வேளாண் கருவிகளைத் தாமே பழுது பார்க்கும் உரிமைச் சட்டத்தை இயற்றியது. 2024 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் இது தொடர்பாக ஜான் டியர் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது. நம் ஊரில் இன்றும் பெரும்பாலான டிராக்டர்கள் நம் மெக்கானிக்கின் கைக்கு அடங்குபவையே. ஆயினும் அடுத்த வண்டி வாங்கும்போது, "இதன் பழுதை வேறு யாரும் பார்க்க முடியுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.

வாங்கும் முன்பே ஒரு சோதனை

மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணைக் கருவிப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் உள்ளது. டிராக்டர் மாதிரிகளை அங்கே ஓட்டிப் பார்த்து, பின்னர் பிரித்துத் தேய்மானத்தையும் அளந்து அறிக்கை தருகிறார்கள். விளம்பரப் படத்தைப் பார்ப்பதைவிட, நீங்கள் வாங்க எண்ணும் மாதிரியின் அறிக்கையில் கிளட்ச், கியர் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். முகவரிடம் அந்த அறிக்கையைக் கேளுங்கள். அது ஆங்கிலத்தில் இருந்தால் ஊரில் படித்த பிள்ளைகளைக் கொண்டு படித்துக் கேளுங்கள். உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலர்களிடமும் விளக்கம் பெறலாம். இதே மாதிரியை இரண்டு, மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கும் உழவர் இருவரைத் தேடிப்போய், "கியர் பெட்டியைத் திறந்தீர்களா? எத்தனை மணியில்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதற்கு நிகரான சாட்சி வேறில்லை.

முடிவாக, உழவர் பெருமக்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். வண்டியை முறையாக ஓட்டுங்கள். உரிய காலத்தில் எண்ணெய் மாற்றுங்கள். செய்ததை எழுதி வையுங்கள். அதன் பிறகும் பழுது வந்தால், தலை குனிந்து பணம் கட்ட வேண்டியதில்லை. உங்கள் ஊரில் இதே மாதிரி வண்டி வைத்திருப்போர் ஐந்து பேர் இருந்தால் ஒன்றாக அமர்ந்து பேசுங்கள். ஐவருக்கும் ஒரே பழுது, ஏறக்குறைய ஒரே மணிக்கணக்கில் வந்திருந்தால், ஓட்டும் முறை ஐவருக்கும் ஒன்றாக இருந்திருக்க முடியாது. அந்த ஐந்து ஜாப் கார்டுகளையும் ஒன்றாகத் தைத்து, ஐவரும் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பதில் வரும்.